இருமுறை வீழ்ந்த ரோம்

பள்ளியில் உலக வரலாறு படித்தவர்கள் இரண்டு ஆண்டுகளை எளிதில் மறந்திருக்க முடியாது. கி.பி. 476இல் ரோமப் பேரரசு வீழ்ந்தது, இது முதலாவது. கி.பி. 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர், அதனால் அறிஞர்கள் இத்தாலிக்கு ஓடினர், மறுமலர்ச்சி பிறந்தது, இது இரண்டாவது. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இரண்டும் போதுமானவை. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே 977 ஆண்டுகள் கிடக்கின்றனவே, அத்தனை காலமும் கான்ஸ்டாண்டிநோபிளில் அரசாண்டவர்கள் யார் என்று வகுப்பில் நம்மில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் 'பைசாந்தியர்' என்ற விடை கிடைத்திருக்கும். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அடுத்த வினாவையும் கேட்டிருந்தால் ஆசிரியர் சற்றுத் திணறியிருப்பார். ஏனெனில் அவர்கள் எங்கிருந்தும் வரவில்லை.

நண்பர்கள் சிலர் கூடி கிப்பனின் ரோம வீழ்ச்சி வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோதுதான் இந்த இடைவெளி நம்மை உறுத்தத் தொடங்கியது. 1776இல் முதல் தொகுதியும் 1788இல் இறுதித் தொகுதிகளும் வெளிவந்த அந்தப் பெருநூல் 476இல் நிற்பதில்லை. 1453ஐயும் கடந்து செல்கிறது. ரோமின் கதை அங்கேதான் முடிகிறது என்பதைக் கிப்பன் அறிந்தேயிருந்தார். ஆனால் எழுபத்தொரு அத்தியாயங்களில் முதல் நாற்பத்தேழை ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு வாரி வழங்கியவர், நாற்பத்தெட்டாம் அத்தியாயம் ஒன்றிலேயே ஹெராக்ளியஸின் மரபு தொடங்கி 1204 வரையிலான பேரரசர் வரிசை முழுவதையும் அடைத்துவிடுகிறார். அறுபது பேரரசர்கள் வரிசையில் நிறுத்தப்பட்டு, ஆளுக்கு ஒரு பத்தி, சிலருக்கு ஒரு வாக்கியம். பிடிக்காத உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு உண்ணாமல் திரும்புகிறவரின் அவசரம் அது. பெயரை மறுக்கவில்லை, மரியாதையைத்தான் மறுத்தார்.

பெயரையும் மறுத்தவர்கள் பின்னால் வந்தார்கள். அந்தப் பெயர் மறுப்பு நியாயமானதுதானா, ஒரு பழம்பேரரசின் பிற்காலத்துக்குத் தனிப்பெயர் தேவையா என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வழக்கு.

*

முதலில் அந்தப் பெயரின் பிறப்பைப் பார்ப்போம். பைசாந்தியம் என்பது போஸ்பரஸ் நீரிணையின் கரையில் கி.மு. ஏழாம் நூற்றாண்டில் மெகாரா நகரத்துக் கிரேக்கர் அமைத்த குடியேற்றம். அந்த ஊர் நின்ற இடத்தில் முதலாம் கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகரை எழுப்பி, 330 மே 11 அன்று அதைத் திறந்துவைத்தான். அதற்கு 'புதிய ரோம்' என்ற பெயரும் வழங்கிற்று. பழைய பெயர் முற்றாக மறைந்துவிடவில்லை. செந்நடையில் எழுத விரும்பிய பிற்கால ஆசிரியர்கள் தலைநகரை 'பைசாந்தியம்' என்று பழமை மணக்கக் குறிப்பிட்டனர்; 'பைசாந்தியர்' என்றால் அந்நகரவாசி. நாம் மதுரையைக் 'கூடல்' என்று எழுதுவதைப் போல. பேரரசின் குடிகள் அனைவரையும் அச்சொல் குறித்ததில்லை. டெல்லியில் தலைநகர் இருப்பதால் நம் எல்லோரையும் 'டெல்லிக்காரர்கள்' என்று எவராவது எழுதினால் எப்படியிருக்கும்?

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஃபுக்கர் என்னும் பெருவணிகக் குடும்பத்தின் நூலகராயிருந்த ஹீரோனிமஸ் வோல்ஃப் 1557இல் இடைக்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர்கள் சிலரைப் பதிப்பித்தார். அத்தொகுதிக்குச் சூட்டிய லத்தீன் தலைப்பில் 'பைசாந்திய' என்னும் அடைமொழியைப் பயன்படுத்தினார். பேரரசு அழிந்து 104 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதாவது, தாம் 'பைசாந்தியப் பேரரசில்' வாழ்வதாக எண்ணிய ஒரு மனிதனும் உலகில் எக்காலத்திலும் இருந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் அரச அச்சகத்திலிருந்து வெளிவந்த பெருந்தொகுதிகள் அப்பெயரைப் புலமை உலகில் நிலைநாட்டின. அப்போதும் ஐரோப்பாவின் பொதுவழக்கில் அது 'கிரேக்கரின் பேரரசு'தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான் 'பைசாந்தியம்' மற்றப் பெயர்களை முற்றாக வென்றது.

அந்த வெற்றிக்கு அந்தோனி கால்டெல்லிஸ் போன்ற இன்றைய ஆய்வாளர் காட்டும் காரணம் அரசியல் சார்ந்தது. 1821இல் கிளர்ந்தெழுந்த கிரேக்கம் தனி நாடாகியிருந்தது. கான்ஸ்டாண்டிநோபிளை மீண்டும் தலைநகராக்கும் 'பெருங்கனவு' ஏதென்ஸில் பேசப்பட்டது. ரஷ்யாவும் அந்நகரின்மீது கண்வைத்திருந்தது; 1853 முதல் 1856 வரை நடந்த கிரீமியப் போரில் பிரிட்டனும் பிரான்சும் ஆட்டோமானியரின் பக்கம் நின்றன. இந்நிலையில் 'கிரேக்கரின் பேரரசு' என்று தொடர்ந்து எழுதுவது அந்தக் கனவுக்குப் பத்திரம் எழுதிக்கொடுப்பது போலாகும். 'ரோமரின் பேரரசு' என்று எழுதவோ மேற்கின் மனம் என்றுமே ஒப்பியதில்லை. எந்த உயிருள்ள மக்களுக்கும் உரிமையில்லாத 'பைசாந்தியம்' வசதியாய் அமைந்தது. இவ்வாதம் முழுமையானதா என்பது ஒருபுறமிருக்க, உரிமையாளர் இல்லாத பெயர் என்னும் கருத்து நம்மை யோசிக்க வைக்கிறது.

*

அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொண்டார்கள்? இதில் ஐயத்துக்கே இடமில்லை. குடிகள் 'ரோமாயோய்', ரோமர். நாடு 'ரோமானியா'. (இன்றைய ருமேனியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அரசன் 'ரோமரின் பேரரசன்'. 1453 மே 29 அன்று மதிலருகே போரிட்டு மடிந்த கடைசிப் பேரரசன் பதினொன்றாம் கான்ஸ்டன்டைன் வரை இந்தப் பட்டம் மாறவில்லை.

இது அரண்மனையின் வெற்றுப் படாடோபம் அன்று. 212இல் பேரரசன் கரகல்லா, பேரரசின் சுதந்திரக் குடிகள் ஏறத்தாழ அனைவருக்கும் ரோமக் குடியுரிமை வழங்கினான். வரி வசூல்தான் அவனது நோக்கம் என்று அக்காலத்திலேயே குற்றம் சாட்டப்பட்டது, இருக்கலாம். ஆனால் அந்த ஒரே ஆணையால் சிரியாவின் உழவனும் எகிப்தின் படகோட்டியும் சட்டப்படி ரோமர் ஆயினர். அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக, தத்தம் கிரேக்கத்திலும் சிரியாக்கிலும் பேசியபடியே, அவர்கள் ரோமராக வாழ்ந்தனர். ரோமராயிருக்க ரோம் நகரில் பிறக்க வேண்டியதில்லை என்பதுதான் அப்பேரரசின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. அதை ஏற்றுக்கொண்ட பிறகு, ரோம் நகரம் கைநழுவியதால் ரோமரென்ற தகுதியும் போயிற்று என்று எப்படி வாதிடுவது?

476இல் நடந்ததுதான் என்ன? இத்தாலியில் ஒடோவாக்கர் என்னும் படைத்தலைவன் ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கி, உயிர்ப்பிச்சை அளித்து அனுப்பிவிட்டான். மேற்கின் அரச சின்னங்கள் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்த பேரரசன் ஸீனோவுக்கு அனுப்பப்பட்டன. மேற்கிற்கெனத் தனியே ஒரு பேரரசன் தேவையில்லை, ஒருவரே போதும் என்ற செய்தியுடன். இரண்டு அலுவலகங்களில் ஒன்று மூடப்பட்டது. அதைத்தான் நாம் ரோமப் பேரரசின் வீழ்ச்சி என்று மனனம் செய்தோம்.

அண்டை அயலார் ஐயப்படவில்லை. திருக்குர்ஆனின் முப்பதாவது அத்தியாயத்தின் பெயர் 'அர்ரூம்'. பாரசீகரிடம் தோற்றுப் பின்னர் வெல்லவிருந்த ஹெராக்ளியஸின் மக்களையே அது ரோமர் என்கிறது. அனத்தோலியாவை வென்று கோன்யாவிலிருந்து ஆண்ட செல்ஜுக் துருக்கியர் தம் அரசை 'ரூம் சுல்தானகம்' என்றனர். அந்த மண்ணில் வந்து குடியேறியதால்தான் ஜலாலுத்தீன் 'ரூமி' ஆனார். தமிழில் இன்று இத்தனை பேர் ரூமியை வாசிக்கிறார்கள். அப்பெயருக்கு 'ரோமன்' என்பதே பொருள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? சீனரின் பழைய தாங் வரலாற்று நூல் 'ஃபுலின்' நாட்டைப் பற்றிச் சொல்லுகையில் அதற்கே 'தாசின்' என்ற பெயரும் உண்டு என்கிறது. தாசின் என்பது ரோமுக்கு ஹான் காலத்துச் சீனர் இட்ட பெயர். 1453க்குப் பிறகு இரண்டாம் முகம்மதே 'ரோமின் சீஸர்' என்னும் பட்டத்தைச் சூடிக்கொண்டான். இல்லாத ஒன்றின் பட்டத்தை வென்றவன் சூடிக்கொள்வானா?

நம் பக்கத்துக் கடலிலிருந்தும் ஒரு சாட்சி உண்டு. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கோஸ்மாஸ் என்ற வணிகத் துறவி, இலங்கை அரசவையில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். சோபட்ரோஸ் என்னும் ரோம வணிகனும் ஒரு பாரசீகனும் ஒரே வேளையில் துறைமுகத்தில் இறங்குகின்றனர். உங்கள் இருவரின் மன்னர்களில் பெரியவர் யார் என்கிறான் அரசன். பாரசீகன் முந்திக்கொண்டு தன் மன்னனைப் புகழ்கிறான். சோபட்ரோஸோ, இருவரும் இங்கேயே இருக்கிறார்கள், பார்த்து முடிவு செய்யுங்கள் என்று காசுகளைக் காட்டுகிறான். ரோமனுடையது பொன், பளபளப்பும் வடிவமும் கொண்டது, பாரசீகனுடையது வெள்ளி. அரசன் ரோமரே மேலானவர் என்று தீர்ப்பளித்து, சோபட்ரோஸை யானைமேல் ஏற்றி முரசு முழங்க நகர்வலம் வரச்செய்கிறான்.

கதையில் வணிகனின் தற்பெருமை கலந்திருக்கும் என்பதை நாம் அறியாமலில்லை. சுவையானது என்னவென்றால், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், பேரரசன் கிளாடியஸ் காலத்தில், அதே இலங்கையின் அரசன் ரோமக் காசுகள் எல்லாம் ஒரே எடையாயிருப்பதைக் கண்டு ரோமரை மெச்சியதாக மூத்த பிளினியும் எழுதியிருக்கிறார். இரண்டாவது கதை முதலாவதின் எதிரொலியாகவே இருக்கலாம். இருந்தாலும் என்ன? முதலாம் நூற்றாண்டுக் கதையிலும் ஆறாம் நூற்றாண்டுக் கதையிலும் கரையிறங்கியவன் ரோமன். இடையில் பேரரசு 'வேறொன்றாக' மாறிவிட்டதாக அந்தக் கரையில் எவரும் உணரவில்லை. கான்ஸ்டன்டைன் அறிமுகப்படுத்திய பொற்காசு, ஒரு ராத்தலுக்கு 72 என்ற கணக்கில், சுமார் நாலரை கிராம் எடையில், பதினொன்றாம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் மாற்றுக் குறையாமல் ஓடியது. கர்நாடகத்து அக்கி ஆலூர்ப் புதையலில் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசர்களின் பொற்காசுகள் கிடைத்தன. கரூர், மதுரைப் பக்கங்களிலும் இலங்கையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளின் சிறு செப்புக் காசுகள் ஏராளம். அருங்காட்சியகங்களில் இவற்றில் சில 'ரோமன்' என்றும் சில 'பைசாந்தியன்' என்றும் பிரித்து வைக்கப்படுகின்றன. அவற்றை இங்கே கொண்டுவந்த மாலுமிக்கு அந்தப் பிரிவினை விளங்கியிராது.

*

மறுத்தவர் யார் என்றால், மேற்கு ஐரோப்பியர். அதற்கான தொடக்கமும் தெளிவானது. 800ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று போப் மூன்றாம் லியோ ஃபிராங்கிய மன்னன் சார்லமேனுக்கு ரோமப் பேரரசனாக முடிசூட்டினார். அப்போது கான்ஸ்டாண்டிநோபிளில் ஆண்டவள் ஐரீன் என்ற பெண். பெண் ஆள்வதால் அரியணை காலியாயிருப்பதாகவே கொள்ளலாம் என்ற விளக்கம் மேற்கில் சொல்லப்பட்டது. ஒரு நாற்காலிக்கு இருவர் உரிமை கோரினால், உட்கார்ந்திருப்பவரை வேறு பெயரில் அழைக்கத் தொடங்குவதுதான் மற்றவருக்குள்ள வழி. அன்றிலிருந்து அவர்கள் 'கிரேக்கர்' ஆயினர். 812இல் சார்லமேனை 'பேரரசன்' என்று அழைக்கக் கான்ஸ்டாண்டிநோபிள் ஒப்புக்கொண்டது. 'ரோமரின் பேரரசன்' என்பதைமட்டும் தனக்கே வைத்துக்கொண்டு, அதைக் காசுகளிலும் பொறிக்கத் தொடங்கியது.

இச்சண்டையின் உச்சம் 968இல் நடந்தது. கிரெமோனா நகரத்து ஆயர் லியுட்பிராண்ட் அதை விவரிக்கும் அறிக்கை இடைக்கால இலக்கியத்தின் மிகச் சுவையான வசவு நூல்களுள் ஒன்று. இதே லியுட்பிராண்ட் 949இல் இளைஞனாக முதல்முறை தூது சென்றபோது அரண்மனையின் பொன்முலாம் பூசிய மரத்தையும், அதன் கிளைகளில் பாடிய உலோகப் பறவைகளையும், உறுமும் சிங்கங்களையும், பேரரசனோடு விதானம் வரை உயர்ந்த அரியணையையும் கண்டு வியந்து எழுதியவர். யேட்ஸின் கவிதை வழியாகப் பைசாந்தியத்தைப் பொற்பறவையின் நகரமாக அறிந்த நமக்கு அந்தப் பறவையின் ஊற்றுக்கண்களுள் ஒன்று இவரே. இரண்டாம் பயணத்தில் வியப்பில்லை. ஜெர்மானியப் பேரரசன் ஒட்டோவின் மகனுக்குப் பெண் கேட்டுப் போனவருக்குக் கிடைத்தது ஒழுகும் மாளிகையும் குடிக்கமுடியாத மதுவும்.

பேரரசன் நிகெஃபோரஸ் விருந்தில், நீங்கள் ரோமர் அல்லர், லொம்பார்டியர் என்று இகழ்கிறான். லியுட்பிராண்ட் பதிலுக்கு, எங்கள் நாட்டில் ஒருவனை மிக மோசமாகத் திட்ட வேண்டுமென்றால்தான் ரோமன் என்போம் என்கிறார். சில வாரங்களில் போப்பிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. அதில் ஒட்டோ 'ரோமரின் பேரரசன்', நிகெஃபோரஸ் 'கிரேக்கரின் பேரரசன்'. கடிதம் கொண்டுவந்த தூதர்கள் சிறையில் தள்ளப்படுகின்றனர். அரண்மனை அதிகாரிகள் லியுட்பிராண்டைப் பிடித்துக்கொண்டு, கான்ஸ்டன்டைன் செங்கோலையும் செனட்டையும் பிரபுக்களையும் இங்கே கொண்டுவந்துவிட்டான், ரோமில் விட்டுவைத்தது மீனவரையும் ரொட்டி சுடுவோரையும் பறவை பிடிப்போரையும்தான், இதுகூட உங்கள் போப்புக்குத் தெரியாதா என்று கொதிக்கின்றனர். அப்போது லியுட்பிராண்ட் சொல்லும் சமாதானம் கவனிக்கத்தக்கது. நீங்கள் மொழியையும் பழக்கவழக்கத்தையும் உடையையும் மாற்றிக்கொண்டீர்களே, ரோமர் என்ற பெயரும் உங்களுக்குப் பிடிக்காது என்று போப் எண்ணிவிட்டார் போலும்!

கிண்டலாகச் சொல்லப்பட்ட இவ்வாதம் இன்றுவரை பாடநூல்களில் உண்மைபோல் வாழ்கிறது. மொழி மாறியது, சமயம் மாறியது, வழக்கம் மாறியது. எனவே பெயரும் மாறட்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மொந்தெஸ்கியு போன்ற அறிவொளிக்கால அறிஞர் தங்கள் காலத்துத் திருச்சபையின்மீதும் முடியாட்சியின்மீதும் கொண்ட கசப்பை இப்பேரரசின்மேல் கொட்டினர். சூழ்ச்சி, முகத்துதி, அலிகளின் ஆட்சி என்ற சித்திரம் நிலைத்தது. ஆங்கிலத்தில் இன்றும் சிக்கலும் வஞ்சகமும் நிறைந்த அலுவலக நடைமுறையைக் குறிக்க 'பைசாந்திய' என்பதே சொல். தனிப்பெயர் ஒன்று வைத்துவிட்டால், அதில் வேண்டிய வசையை நிரப்பிக்கொள்வது எளிது. அகஸ்டஸின் ரோமில் அந்தக் கறை படியாது.

*

எதிர்வாதத்தை இதோடு தள்ளிவிட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் நிகழ்ந்தவை சாதாரண மாற்றங்கள் அல்ல. 636இல் யர்மூக் போரில் அரபுப் படைகளிடம் தோற்றபின் சிரியா போயிற்று. 640களின் தொடக்கத்தில் எகிப்தும் போயிற்று. கான்ஸ்டாண்டிநோபிளுக்கு உணவளித்த தானியக் கப்பல்கள் நின்றன. வருவாயின் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்குள் மறைந்தது. மண்டபங்களும் குளியல் மாளிகைகளும் கொண்ட பழைய நகரங்கள் சுருங்கிக் குன்றின்மேல் ஒரு கோட்டையாயின. படை, வரி, நிர்வாகம் அனைத்தும் புதிதாக வார்க்கப்பட்டன. லத்தீன் பேச்சும் அரசு மொழி என்ற நிலையை இழந்தது. 500இல் வாழ்ந்த ஒருவரை 750இல் கொண்டுவந்து விட்டால் தன் உலகத்தை அடையாளம் காண்பாரா? ஐயந்தான். இத்தகைய பிளவுக்கு ஒரு பெயர்ப்பலகை வைப்பது ஆய்வாளனின் கடமையல்லவா என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது.

ஆயினும் பலகையை எங்கே நடுவது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆஸ்ட்ரோகோர்ஸ்கி தன் பைசாந்திய வரலாற்றை 324இல் தொடங்குகிறார். ஏ.எச்.எம். ஜோன்ஸோ 1964இல் எழுதிய பிற்கால ரோம வரலாற்றை 602 வரை கொண்டுசெல்கிறார். அதாவது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒருவருக்குப் பைசாந்தியம், மற்றவருக்கு ரோம். தனிப்பெயரைக் கடுமையாக எதிர்த்த ஜே.பி. பியூரி 1889இல் வெளியிட்ட நூலை 800 வரை 'பிற்கால ரோமப் பேரரசு' என்றே அழைத்து, மேற்கில் போட்டிப் பேரரசன் தோன்றிய பிறகுதான் 'கிழக்கு' என்ற அடைமொழியைச் சேர்த்தார். 330, 395, 476, 565, 610, 641, 717 என்று ஆளுக்கொரு தொடக்கம். ஓர் அரசு இறந்து இன்னொன்று பிறந்திருந்தால் இறந்த தேதியில் இத்தனை குழப்பம் வராது.

ஏழாம் நூற்றாண்டின் புயலுக்கு நடுவேயும் அரசு முறிந்துவிடவில்லை என்பதுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. தலைநகரில் அதே அரியணை, அதே சட்டம். ஜஸ்டினியன் 529 முதல் 534 வரை தொகுப்பித்த ரோமச் சட்டத்தின் பெரும்பகுதி லத்தீன். அவனது தாய்மொழியும் லத்தீன்தான். ஆனால் அதன் பிறகு அவன் இட்ட புதிய ஆணைகளில் மிகப் பல, குடிகளுக்கு விளங்க வேண்டுமென்று கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. மொழி மாற்றம் ஒரு படையெடுப்பால் வந்ததன்று. கிழக்கு எந்நாளும் கிரேக்கம் பேசிய நாடு, ரோமக் குடியரசின் காலத்திலேயே. பிற்பாடு ஆறாம் லியோவின் ஆட்சியில் அந்தச் சட்டமே அறுபது புத்தகங்களாகக் கிரேக்கத்தில் மறுபடி ஒழுங்கு செய்யப்பட்டது. பெரிய மாற்றம் என்றால் குடியரசிலிருந்து முடியாட்சிக்கும், ஜூபிடரிலிருந்து கிறிஸ்துவுக்கும் மாறியவை இவற்றுக்குக் குறைந்தவையா? அப்போதெல்லாம் எவரும் நாட்டின் பெயரை மாற்றவில்லை.

நாமும் இத்தகைய பலகைகளை நடுகிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பிற்காலச் சோழர்' என்பது வரலாற்றாசிரியர் வைத்த பெயர். விசயாலயன் வழிவந்தோர் தம் செப்பேடுகளில் கரிகாலனைத் தம் முன்னோனாகவே எழுதிக்கொண்டனர். அங்கே இடைப்பட்ட நூற்றாண்டுகளின் இருள் உண்மையானது. தொடர்ச்சிக்கான சான்றும் மெலிந்தது. அப்படியிருந்தும் நாம் 'சோழர்' என்ற சொல்லைப் பறிக்காமல் ஓர் அடைமொழியோடு நிறுத்திக்கொண்டோம். கான்ஸ்டாண்டிநோபிளில் தெளிவான தொடர்ச்சி உள்ளவர்களுக்கு அந்த அளவு மரியாதைகூடக் கிட்டவில்லை.

பிறர் இட்ட பெயரைச் சுமப்பதென்றால் என்ன என்று நமக்கும் தெரியும். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தமிழ் நூலின் போர்த்துக்கீசியத் தலைப்பு நம் மொழியை 'மலபார்' மொழி என்றே சொல்கிறது, ஒட்டாக 'தமிழ்' என்ற சொல்லும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட இலங்கையின் ஆங்கில ஆவணங்களில் தமிழர்கள் 'மலபாரிகள்'. அந்தப் பெயர் ஒட்டாமல் உதிர்ந்துவிட்டது நம் நல்லூழ். சொல்லிக்கொள்ள நாம் உயிரோடு இருந்தோம் என்பதுதான் வேறுபாடு.

*

அவர்களும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1204இல் நான்காம் சிலுவைப்போர்ப் படை கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியது. 'லத்தீனியர்' மீது எழுந்த வெறுப்பில், நைசியாவுக்குப் பெயர்ந்த அரசவையின் படித்தவர் சிலர் 'ஹெலனியர்' என்னும் பழைய கிரேக்கப் பெயரைப் பெருமையுடன் எடுத்துக்கொண்டனர். பதினைந்தாம் நூற்றாண்டில் மிஸ்த்ராவில் வாழ்ந்த தத்துவ அறிஞர் பிளெத்தோன், நாம் இனத்தால் ஹெலனியர் என்று பேரரசனுக்கே எழுதினார். ஆனால் பொதுமக்களிடையே அச்சொல்லுக்கு நெடுங்காலமாக 'சிலை வணங்கும் அஞ்ஞானி' என்றே பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிய கிரேக்கத்தைக் கட்டியெழுப்ப முனைந்த கொராயிஸ் போன்ற அறிஞர்களுக்கு 'ரோமர்' என்பது அடிமைத்தனத்தின் பெயராகவே தோன்றியது. ஆக, பெயரைப் பறித்ததில் மேற்கத்தியப் புலமைக்கு மட்டும் பங்கில்லை, பேரன்மாரும் கைகொடுத்தனர்.

'பைசாந்தியம்' என்ற சொல்லை ஒழித்துவிட முடியுமா? 1892இல் கார்ல் குரும்பாகர் மூனிக்கில் தொடங்கிய ஆய்விதழின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் கலைவரலாறும் அதன்மேல் எழுந்து நிற்கின்றன. ஓவியத்தையோ கட்டடக்கலையையோ பேசும்போது அச்சொல் ஒரு பாணியைச் சுருக்கமாகக் குறிக்கிறது. அதோடு நமக்குச் சண்டையில்லை. 537இல் திறக்கப்பட்ட ஹாகியா சோஃபியாவின் குவிமாடத்தைப் பைசாந்தியப் பாணி என்பதால் எவருக்கும் அநீதி நேராது. அரசையும் மக்களையும் குறிக்கும்போதுதான் சிக்கல். 'கிழக்கு ரோமப் பேரரசு' என்பதிலும் குறை உண்டு, மேற்கு மறைந்தபின் எதற்குக் கிழக்கு என்று கேட்கலாம். எனினும் தமிழில் அத்தொடர் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. வாசகனை 476இல் கைவிடாமல் அழைத்துச் செல்கிறது. பாடநூல் எழுதுவோர் அதைத் தேர்ந்துகொண்டால், ஒரே பேரரசு எப்படி இருமுறை வீழ்ந்தது என்ற கேள்வியாவது ஒரு மாணவனின் மனத்தில் எழும். நூலின் உள்ளே இன்னும் துணிந்து, நூற்றாண்டைச் சொல்லி, வெறுமனே 'ரோமர்' என்று எழுதுவதையே நாம் விரும்புவோம்.

இஸ்தான்புல்லில் எஞ்சியுள்ள சில ஆயிரம் கிரேக்கக் கிறிஸ்தவர்களைத் துருக்கிமொழி இன்றும் 'ரூம்' என்றே அழைக்கிறது. ஆட்டோமானியர் காலம் முழுவதும் ஈஜியன் தீவுகளில் உழுதும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டனர். 1912 அக்டோபரில் முதல் பால்கன் போரின்போது கிரேக்கக் கடற்படை லெம்னோஸ் தீவைக் கைப்பற்றியது. வீரர்கள் ஊர்களுக்குள் வந்தனர். ஹெலனியர் எப்படியிருப்பார்கள் என்று பார்க்கச் சிறுவர்கள் ஓடிவந்து வேடிக்கை பார்த்தனர். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு வீரன் கேட்டான். ஹெலனியரைப் பார்க்கிறோம் என்றார்கள். நீங்களும் ஹெலனியர்தானே என்றான் அவன். இல்லை, நாங்கள் ரோமர் என்று அவர்கள் சொன்னார்கள்.

இதை நினைவுகூர்ந்து எழுதிவைத்தவர் பீட்டர் சாரனிஸ். அந்தத் தீவில் 1908இல் பிறந்தவர், ஓடிவந்து வேடிக்கை பார்த்த சிறுவர்களில் தாமும் ஒருவர் என்கிறார். பின்னாளில் அமெரிக்கா சென்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவர் ஆய்ந்த துறை, பைசாந்திய வரலாறு.